கைப்பழக்கம்

நான் பயின்ற தமிழ்த்துறையின் மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பேராசிரியப் பெருமக்கள் அன்புடன் பணித்தபோது, சங்க இலக்கியத்தில் யாழ் என்னும் பொருள் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். 7 நரம்புடைய சீறியாழ், 21 நரம்புடைய பேரியாழ் ஆகியவை குறித்துக் குறிப்புகள் திரட்டினேன். விபுலாநந்த அடிகள் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்நூலையும் மீண்டும் புரட்டிப் பார்த்தேன். ஆயினும், எழுத அமர்ந்தபோதெல்லாம் பாணனின் கைக்கருவி என் கண்முன் வரவில்லை. என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஊமையாய்த் தொங்கிய ஒரு கிதாரே வந்து நின்றது. ஏட்டில் கண்ட யாழைவிடக் கையால் தொட்ட கிதாரைப் பற்றி எழுதுவதே நேர்மை என்று மனம் சொல்லிற்று. இளமையில் கற்க வேண்டிய ஒன்றை ஐம்பத்திரண்டாம் வயதில் கற்கப் புகுந்த ஒரு தமிழாசிரியனின் அனுபவம் இது. இதில் பெருமைப்படத்தக்கது சிறிது, நாணத்தக்கது பெரிது. இரண்டும் மாணவச் செல்வங்களுக்குப் பயன்படக்கூடும்.

மலையடிவாரத்து வீடு

திருவண்ணாமலையில், பெரிய கோயிலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், செங்கம் சாலையில் இரமணாசிரமம் அமைந்துள்ளது. இரமணரின் அன்னையார் அழகம்மாள் 1922ஆம் ஆண்டு மறைந்தபின், அவரது சமாதியை ஒட்டி எழுந்தது அது. முற்றத்தில் நிற்கும் முதிய இலுப்பை மரமும், கூரைகளின்மேல் அகவித் திரியும் மயில்களும் அங்கு வருவோர் எவர் நினைவிலும் தங்கிவிடுபவை. அதன் பின்புறத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் அருகில்தான். பௌர்ணமி இரவுகளில் விடிய விடிய நடப்போரின் பேச்சொலி எங்கள் சன்னலுக்குள் வந்துகொண்டே இருக்கும்.

கார்த்திகை தொடங்கி மாசி முடியும் வரையில் இப்பகுதியின் முகமே மாறிவிடும். பல நாட்டினரும் வந்து வீடெடுத்துத் தங்குவர். தேநீர்க் கடைப் பலகையில் மூன்று மொழி எழுத்துகள் தோன்றும். தெருவிலுள்ள மாடி அறைகள் யாவும் அந்த நான்கு மாதங்களுக்கு வாடகைக்குப் போய்விடும். எங்கள் மாடி அறையும் அவ்வாறே. அந்த வாடகை எங்கள் குடும்பத்துக்கு ஒரு துணை வருவாய். அவ்வளவே என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

சுவரில் தொங்கிய கிதார்

எனக்கு ஒரே மகன். 2016ஆம் ஆண்டு, பதினோராம் வகுப்பில் சேர்ந்த புதிதில், கிதார் வேண்டும் என்று கேட்டான். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தமையால் மறுக்க மனம் வரவில்லை. சென்னையிலிருந்து ஒன்று வாங்கிவந்தோம். 1982ஆம் ஆண்டு வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ திரைப்படத்தில், நிலவைப் பாடும் அந்தப் பாடலின் தொடக்கத்தில் ஒலிக்கும் கிதார் இசையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அதனை வாசித்துவிட வேண்டும் என்பதே அவன் வேட்கை. மாலைதோறும் முயல்வான். முதல் சில நொடிகள் ஓடும். பிறகு ஓரிடத்தில் விரல் இடறும். உடனே தொடக்கத்திற்குப் போவான். மீண்டும் ஓடும், மீண்டும் அதே இடத்தில் இடறும். ஆறு மாதம் இவ்வாறே கழிந்தது.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. அன்று உறவினர் சிலர் வீட்டிற்கு வந்திருந்தனர். அவர்கள் முன்னிலையில், “தந்தியைத் தடவிக்கொண்டு இருந்தால் சோறு வந்துவிடுமா? ஆறு மாதமாக நான்கு வரி வாசிக்கத் தெரியவில்லை. உனக்கு எதற்கு இது?” என்று கேட்டேன். அவன் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. கிதாரைத் துணியால் துடைத்தான். நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியிலிருந்து அதனைக் கழற்றிவிட்டுக் கிதாரை மாட்டினான். அதன்பின் அதைத் தொடவே இல்லை.

கணக்கில் தேறினான், பொறியியல் பயின்றான், 2022இல் ஒசூரில் வேலையும் கிடைத்தது. பெற்றோர் விரும்பியவை யாவும் நடந்தன. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையே பேச்சு, நலமா, சாப்பிட்டாயா, பணம் அனுப்பவா என்னும் மூன்று கேள்விகளுக்குள் சுருங்கிப் போயிற்று. சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிதார் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும்.

மாடியிலிருந்து வந்த ஒரே வரி

2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் எங்கள் மாடியில் குடிவந்தார். அவரிடமும் ஒரு கிதார் இருந்தது. நாள்தோறும் காலை ஆறு மணிக்கு, தாளம் தட்டும் சிறு கருவியின் ஓசையோடு, அவர் வாசிப்பு தொடங்கும். வாசிப்பு என்று சொல்வதும் மிகை. ஒரே ஒரு வரி. அதுவும் மாட்டுவண்டி மேடேறுவதுபோல் அத்தனை மெதுவாக. நாற்பது நாளாகியும் அவ்வரி மாறவில்லை. “பாவம் அந்த அம்மா, எத்தனை நாள் போனாலும் கைக்கு வரவில்லையே” என்று என் மனைவி இரக்கப்பட்டாள். நானும் அவ்வாறே எண்ணினேன். சில நாள் எரிச்சலும் கொண்டேன்.

தை மாதத்து இரவொன்றில் மின்சாரம் நின்றுபோயிற்று. தெரு முழுவதும் இருள். மலை மட்டும் நிலவொளியில் கரிய உருவாய்த் தெரிந்தது. அப்போது மாடியிலிருந்து இசை எழுந்தது. கீழே தாழ்ந்த ஒலியில் ஒருவர் நடக்க, மேலே நீர்த்துளிகள் விடாது உதிர்வதுபோல் மற்றொருவர் வாசிப்பதாக எனக்குக் கேட்டது. அம்மையாரைக் காண வேறொரு கலைஞர் வந்திருக்கிறார் என்று எண்ணி, விளக்கொன்றை எடுத்துக்கொண்டு படியேறினேன். அங்கே அவர் ஒருவரே இருந்தார். கிதாரும் ஒன்றே. நாற்பது நாள் நாங்கள் கேட்டுச் சலித்த அந்த ஒரே வரி, அந்த இசையின் நடுவே, தன் இயல்பான வேகத்தில் மின்னி மறைந்ததையும் கேட்டேன். படியிலேயே அமர்ந்துவிட்டேன்.

வாசித்து முடித்தபின் அவர் சொன்ன செய்தி எனக்குப் புதியது. இசைப்பள்ளி ஒன்றில் முப்பதாண்டுகள் கிதார் கற்பித்தவர் அவர். மோதிர விரலின் தசைநாண்கள் அண்டை விரல்களோடு பிணைந்திருப்பதால், அது தனித்து இயங்கத் தயங்கும். முதுமையும் சேரும்போது அத்தயக்கம் மிகும். ஆகவே, ஆண்டுதோறும் அந்த ஒரு வரியைக் கொண்டு அந்த ஒரு விரலுக்கு மீண்டும் பாடம் சொல்லிக் கொடுக்கிறாராம். கைக்கு வராமையால் வாசிக்கிறார் என்று நாங்கள் இரங்கியது எது? கைக்கு வந்ததைக் கைவிட்டுப் போகாமல் காக்கும் உழைப்பு அது!

கருவியின் பழைய உறவு

அவர் வாசித்தது பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) என்னும் ஸ்பானிய இசைஞர் இயற்றிய ‘அல்ஹம்ப்ராவின் நினைவுகள்’. கட்டைவிரல் தாழ்ந்த தந்தியை மீட்ட, மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் உயர்ந்த தந்தி ஒன்றையே விரைந்து மீட்டும் முறைக்கு ‘டிரெமலோ’ என்று பெயர். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் எனக்குக் கேட்டதன் காரணம் இதுவே.

அல்ஹம்ப்ரா என்னும் பெயர் இக்கல்லூரி மாணவர்க்கு அயலானது அன்று. ஸ்பெயினின் தெற்கே கிரானடா நகரில் நஸ்ரீ மரபினரான முஸ்லிம் மன்னர்கள் எழுப்பிய செந்நிற அரண்மனைக் கோட்டை அது. அவர்தம் ஆட்சி 1492இல் முடிவுற்றது. அதற்கு மிக முன்னரே, 822ஆம் ஆண்டளவில், பாக்தாத்திலிருந்து குர்துபா நகருக்கு வந்த ஸிர்யாப் என்னும் இசைமேதை, அரபு நாட்டு ‘ஊத்’ என்னும் நரம்புக் கருவிக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்றும், இசை கற்பிக்கும் பள்ளி ஒன்றை நிறுவினார் என்றும் வரலாறு கூறும். அரபு மொழியின் ‘அல் ஊத்’ என்பதே ஐரோப்பாவில் ‘லூட்’ ஆயிற்று. கிதாரின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே பல கருத்துகள் இருப்பினும், ஊத், லூட், கிதார் ஆகியவை ஒரே மண்ணில் அருகருகே வளர்ந்தவை என்பதில் ஐயமில்லை. இன்று நாம் காணும் கிதாரின் உடலளவையும் வடிவையும் 19ஆம் நூற்றாண்டில் வரையறுத்தவர் அந்தோனியோ டி டோரஸ் (1817–1892) என்னும் ஸ்பானியக் கைவினைஞர்.

தமிழ்நாட்டிலும் இக்கருவி வேரூன்றிவிட்டது. பண்ணைப்புரத்தில் பிறந்து, 1968இல் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்ட இளையராஜா, இசையமைப்பாளராக அறியப்படும் முன்னர்க் கிதார்க் கலைஞராகவே உழைத்தவர். அவர் இரமணரிடம் பேரன்பு கொண்டு ‘இரமண மாலை’ என்னும் இசைத்தொகுப்பை ஆக்கியதை எங்கள் தெருவில் அறியாதவர் இல்லை. 1970இல் இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் பயின்றவர். மெட்டுகள் அடித்த கிதாரில் கருநாடக இசையின் கமகங்களை வாசித்துக் காட்டுபவர். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து மண்ணுக்கும் கிதாருக்கும் உறவு உண்டு என்பதற்கு இச்சான்று போதும்.

ஞாயிற்றுக்கிழமை உழைப்பு

மாடியிலிருந்து இறங்கி எங்கள் கூடத்திற்கு வந்த அம்மையார், சுவரைப் பார்த்து, “இதை யார் வாசிக்கிறார்கள்?” என்று வினவினார். “இப்போது யாரும் இல்லை” என்றேன். அதனைக் கழற்றிப் பார்த்தார். தந்திகள் துருவேறிக் கறுத்திருந்தன. “நீங்கள் வாசிக்கலாமே” என்றார். அந்த வயதில் அது நகைப்புக்கிடமாகத் தோன்றிற்று. எனினும், வேலூர் சென்றபோது புதிய தந்திகள் வாங்கிவந்தேன். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், ஊர் திரும்புவதற்குப் பத்து நாள் இருக்கையில், அவர் எனக்கு முதல் பாடம் சொன்னார்.

பாடம் தொடங்கிய மூன்றாம் நாளே ஒரு தவறு செய்தேன். வார நாள்களில் பள்ளிப் பணி இருந்தமையால், ஞாயிறன்று மூன்று மணி நேரம் தொடர்ந்து வாசித்து ஈடுசெய்யலாம் என்று கணக்கிட்டேன். எஃகுத் தந்தி இடக்கை விரல் நுனிகளை அறுத்தது. திங்களன்று சுண்ணாம்புக் கட்டியைப் பிடிக்கவே கை கூசிற்று. மூன்று நாள் கிதாரைத் தொட முடியவில்லை. அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. “ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று குடம் நீர் ஊற்றினால் செடி வளருமா?” என்று மட்டும் கேட்டார். நாள்தோறும் இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், அதற்குக் கீழும் வேண்டாம் என்பது அவர் விதித்த விதி.

பயிற்சி என்பது யாது?

அந்தப் பத்து நாளில் நான் கற்றவற்றைச் சுருங்கக் கூறுகிறேன். கிதார் கற்க விரும்பும் மாணவர்க்கு இவை நேரடியாகப் பயன்படும். பிற கலை கற்போர்க்கும் பொருந்தும்.

முதலாவது, சுருதி. தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் ஆறு சுரங்களுக்கும் தந்திகளைச் சேர்த்த பின்னரே வாசிக்க வேண்டும். இன்று கைப்பேசியிலேயே அதற்கான செயலிகள் உள்ளன. சுருதி பிசகிய கருவியில் பழகினால் விரலோடு காதும் தவறாகப் பழகிவிடும்.

இரண்டாவது, இடம். வீணையில் மெட்டு எனப்படுவதைக் கிதாரில் ஃப்ரெட் என்பர். இரு மெட்டுகளுக்கு நடுவே அழுத்தினால் வலிமை மிகுதியாக வேண்டும், ஒலியும் கரகரக்கும். மெட்டின் அருகில், அதன் பின்னொட்டி, விரல் நுனியால் அழுத்தினால் சிறிது வலிமையே போதும். என் விரல் வலிக்குப் பாதிக் காரணம் தந்தி அன்று, என் அறியாமையே.

மூன்றாவது, மெதுவு. தவறின்றி வாசிக்க முடிந்த வேகமே அன்றைய வேகம். நிமிடத்திற்கு 50 தட்டு என்று தாளக் கருவியை வைத்து, மூன்று முறை தொடர்ந்து பிழையின்றி வந்தபின் 54 என்று உயர்த்த வேண்டும். பிழை வந்தால் இறங்க வேண்டும். இறங்குவதில் இழிவு இல்லை.

நான்காவது, இதுவே தலையாயது: இடறும் இடத்தை மட்டும் தனியே எடுத்தல். சி என்னும் சுரக்கூட்டிலிருந்து எஃப் என்னும் சுரக்கூட்டுக்கு மாறுவது தொடக்கநிலை மாணவர் யாவரையும் வருத்துவது. எஃப் கூட்டில் சுட்டுவிரல் ஒன்றே ஆறு தந்திகளையும் குறுக்கே படுத்து அழுத்த வேண்டும். பாடலை முதலிலிருந்து நூறு முறை வாசித்தாலும், இம்மாற்றம் நூறு முறைதான் நிகழும். அதுவும் நூறு முறை தவறாக நிகழும். அம்மாற்றத்தை மட்டும் எடுத்து, விரல்களைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்துப் பழகினால், ஐந்து நிமிடத்தில் நூறு முறை சரியாக நிகழும்.

இதைக் கேட்டபோது எனக்கு இரண்டு செய்திகள் ஒருங்கே நினைவுக்கு வந்தன. ஒன்று, என் வகுப்பு. ‘பழக்கம்’ என்பதைப் ‘பளக்கம்’ என்று எழுதிய மாணவன் ஒருவனை நூறு முறை எழுதிவரப் பணித்திருந்தேன். மறுநாள் கொண்டுவந்தான். கூர்ந்து நோக்கியபோது ஓர் உண்மை விளங்கிற்று. அவன் முதலில் பகரத்தை மேலிருந்து கீழாக நூறு முறை எழுதி, பிறகு ழகரத்தை நூறு முறை எழுதி, அவ்வாறே எஞ்சிய எழுத்துகளையும் பத்தி பத்தியாக அடுக்கியிருந்தான். நூறு ‘பழக்கம்’ தாளில் இருந்தது. ஒரு ‘பழக்கம்’ கூட அவன் கையில் ஏறவில்லை. அன்று அவனைக் கடிந்துகொண்டேன். உண்மையில் கடியத்தக்கது நான் கொடுத்த பயிற்சி அன்றோ?

மற்றொன்று, என் மகன். இடறியதும் தொடக்கத்திற்குப் போய், போய், ஆறு மாதம் அவன் எதைப் பழகினான்? தொடக்கத்தை நன்றாகப் பழகினான். இடறலையும் நன்றாகப் பழகினான். அவனுக்குக் குறைந்தது ஆர்வமும் அன்று, உழைப்பும் அன்று. “அந்த இடத்தை மட்டும் தனியே எடு” என்று சொல்ல ஒருவர் இல்லை. இருந்த ஒருவரோ, எதற்கு இது என்று கேட்டுவிட்டார்.

ஆய்வாளர் கூற்றும் இதற்கு அரண் செய்கிறது. பல நாள்களில் பிரித்துக் கற்றவை ஒரே மூச்சில் கற்றவற்றைவிட நினைவில் நிலைக்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய உளவியலறிஞர் 1885இலேயே தம் நினைவாற்றல் ஆய்வில் காட்டினார். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனாய்வாளரும் பெர்லின் இசைக் கல்விக்கூடத்து வயலின் மாணவரை ஆராய்ந்தனர். சிறந்தவரை ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டியது, குறையைத் திருத்தும் நோக்கோடு தனியே செய்த பயிற்சியின் மொத்த அளவே என்று கண்டனர். பத்தாயிரம் மணி நேரம் வாசித்தால் எவரும் மேதையாகலாம் என்று பின்னாளில் பரவிய கருத்தை எரிக்சனே ஏற்கவில்லை. எத்தனை மணி என்பதோடு எவ்வாறு என்பதும் வேண்டும் என்றார். இயற்கைத் திறனுக்கும் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வாளர் வாதிட்டுள்ளனர். அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் இயற்கைத் திறன் எத்துணை என்பதையும் பழகிப் பார்த்தே அறிய முடியும்.

1928இல் வண்டியில் பற்றிய தீயினால் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த ஜாங்கோ ரெயின்ஹார்ட், எஞ்சிய விரல்களுக்கேற்பப் புதிய முறையொன்றைப் பழகி, ஐரோப்பாவின் தலைசிறந்த கிதார்க் கலைஞர் ஆனார். 2001இல் பாரத ரத்னா விருது பெற்ற ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான் (1916–2006), இளமையில் காசியில் கங்கைக் கரையிலிருந்த பாலாஜி கோயிலில் அமர்ந்து நாள்தோறும் பயின்றதைத் தம் வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஓவியம் கைப்பழக்கத்தால் வருவது, தமிழ் நாப்பழக்கத்தால் வருவது என்று ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலை முப்பதாண்டுகளாக வகுப்பில் விளக்கியவன் நான். அதன் பொருளை என் விரல் நுனி காய்த்தபோதுதான் அறிந்தேன்.

ஆறு மணி நேரத்துக் கோல்

அம்மையார் ஊர் திரும்பினார். நான் தனித்து விடப்பட்டேன். அதிகாலை ஐந்தேமுக்காலுக்கு எழுந்து இருபது நிமிடம் பழகுவது என்று வகுத்துக்கொண்டேன். ஒரு குறிப்பேட்டில் அன்றன்று பழகியது எது, இடறியது எங்கே என்று இரண்டு வரி எழுதினேன். முதல் மாதம் முன்னேற்றம் நாள்தோறும் தெரிந்தது. விரல் நுனி காய்த்தது. சுரக்கூட்டுகள் நான்கு கைவந்தன. மூன்றாம் மாதம் யாவும் நின்றுபோயிற்று. எத்தனை நாள் பழகினும் அதே வேகம், அதே இடறல். இந்த வயதில் எவர் பாராட்டப் போகிறார் என்னும் சலிப்பு எழுந்தது.

அந்நாளில் ஆசிரமத்து நூலகத்தில் முன்பு படித்த நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. வேலூர்க் கல்லூரி ஒன்றில் தெலுங்குப் பண்டிதராக இருந்தவர், பயன் கருதாது செய்யும் செயல் என்பது யாது என்று இரமணரிடம் வினவினாராம். இரமணர் விடை ஒன்றும் கூறவில்லை. சற்று நேரத்தில் மலைமேல் உலவச் சென்றவர், வழியில் கிடந்த முள் நிறைந்த கோல் ஒன்றை எடுத்து, அமர்ந்து, முள்ளைக் களைந்து, கணுக்களைச் செதுக்கி, சொரசொரப்பான இலை ஒன்றால் தேய்த்து வழவழப்பாக்கினார். ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று. கோலின் அழகை யாவரும் வியந்து நிற்கையில், தன் கோலைத் தொலைத்துவிட்டுத் திகைத்து நின்ற ஆட்டிடைச் சிறுவன் ஒருவன் எதிர்ப்பட்டான். அக்கோலை அவனிடம் கொடுத்துவிட்டு அவர் நடந்தார். தம் வினாவுக்கு அதுவே விடை என்று பண்டிதர் உணர்ந்தார்.

சமயம் எதுவாயினும், இந்நிகழ்ச்சியில் கற்போர்க்கு ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு முள்ளையும் களையும்போது அம்முள் ஒன்றிலேயே கவனம் இருந்தது. கோல் யாருக்குப் போகும் என்னும் கணக்கு அப்போது இல்லை. நானும் அன்று முதல் முன்னேற்றத்தை அளப்பதை நிறுத்தினேன். இன்றைய முள் எது என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதலானேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், எஃப் கூட்டுக்கு மாறும்போது விரல்கள் தாமாகவே போய் அமர்ந்தன. என்று அது கைவந்தது என்று குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தீபத் திருவிழாவின்போது விருந்தினர் வருகையால் பத்து நாள் பயிற்சி நின்றது. மீண்டும் எடுத்தபோது விரல்கள் அந்நியமாய் நடந்தன. ஆயினும் மூன்றே நாளில் பழைய நிலை திரும்பிற்று. முழுவதும் இழந்துவிட்டோம் என்று அஞ்சி விட்டுவிடுவோரே பலர். இழப்பு சிறிது, திரும்புதல் எளிது. அடுத்த நாள் எடுத்துவிட வேண்டும், அவ்வளவே.

இரண்டாம் தந்தி

2024ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறைக்கு மகன் வந்தான். என் பயிற்சியைப் பற்றி அவனிடம் ஒரு சொல்லும் கூறியிருக்கவில்லை. 338 நாள்களில் 291 நாள் பழகியிருந்தேன் என்று குறிப்பேடு சொல்லிற்று. மாலையில் சுவரிலிருந்து கிதாரை எடுத்தேன். அவன் கைப்பேசியிலிருந்து கண்ணை உயர்த்தினான். நிலவைப் பாடும் அப்பாடலின் தொடக்கத்தை, பாதி வேகத்தில், வாசிக்கத் தொடங்கினேன். கை நடுங்கிற்று. பாதி வரை சென்றேன். அவன் அன்று இடறிய அதே இடத்தில் நானும் இடறினேன்.

கூடத்தில் சிறிது நேரம் அமைதி நிலவியது. அவன் எழுந்து வந்து கையை நீட்டினான். கொடுத்தேன். “அப்பா, இரண்டாவது தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது” என்று சொல்லி, முறுக்காணியைத் திருகிச் சேர்த்தான். பின்னர் வாசித்தான். ஏழாண்டு ஓய்ந்த விரல்கள். அவனும் அங்கேயே இடறினான். வழக்கம்போல் தொடக்கத்திற்குப் போனான்.

“முதலிலிருந்து வேண்டாம். அந்த இடத்தை மட்டும் தனியாக எடு. மெதுவாக” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அப்பா” என்றான். குரலில் சினம் இல்லை. அது இல்லாததுதான் எனக்கு வலித்தது. “அன்றைக்கு எனக்கும் தெரியாது” என்றேன். அதைச் சொல்ல ஏழாண்டுகள் ஆகியிருந்தன. அவன் தலையசைத்துவிட்டு, அந்த இரண்டு வரியை மட்டும் மெதுவாக வாசிக்கத் தொடங்கினான். சமையலறையிலிருந்து அவன் தாய் வந்து வாயிற்படியில் நின்றாள்.

கிதாரை அவன் ஒசூருக்கு எடுத்துச் சென்றான். எனக்கென்று பழைய கிதார் ஒன்றை மறுமாதம் வாங்கிக்கொண்டேன். இப்போது எங்கள் தொலைபேசிப் பேச்சில் நான்காவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: “இன்றைக்கு எந்த இடம்?”

மாணவச் செல்வங்களே! கிதாராயினும், யாப்பாயினும், கணக்காயினும், இடறும் இடத்தைத் தவிர்த்துவிட்டு, தெரிந்த இடத்திலேயே உலவுவது பயிற்சி ஆகாது. நாள்தோறும் சிறுபொழுது, இடறும் இடத்திற்கே சென்று, பொறுமையோடு அமருங்கள். ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே! பிள்ளை இடறும்போது, இது உனக்கு எதற்கு என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில் இடறுகிறாய் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். அதற்கும் பழக்கம் வேண்டும். நானும் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.